இருபது புள்ளி நான்கு

பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சொட்டு டீச்சர்' என்று பெயர். வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே, "சொட்டுச் சொட்டா விடு, தண்ணிக் குழாயா அது?" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. நல்ல ஆசிரியர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கவனமான ஆசிரியர்; இரண்டும் ஒன்றல்ல. பியூரெட் என்னும் நீண்ட அளவுக்குழாயை நிரப்பிவிட்டுப் புனலை எடுக்காமல் விடுகிறவர்களையும், உறிஞ்சுகுழாயான பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளுகிறவர்களையும் அவர் மன்னித்ததே கிடையாது. காப்பி அடிப்பவர்களை அதைவிடவும் மன்னித்ததில்லை.

செய்முறைத் தேர்வில் காப்பி அடிப்பது எளிது. ஃபெரஸ் கரைசல் இருபது மில்லியைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, கொஞ்சம் அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை விட வேண்டும். விழுகிற நிறம் உடனுக்குடன் மறையும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல் வெளிர் சிவப்பாக நின்றுவிடும். அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி போனது என்று படிக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரனின் அளவு காதில் விழுந்தால் போதும், குடுவையைக் குலுக்குவது போல நடித்துவிட்டு அதையே எழுதிவிடலாம். அளவு சரியா என்று பார்க்கத் தேர்வுக்கு முன்பு ஆசிரியரே செய்து பார்த்து ஓர் அளவைக் குறித்து வைப்பார். மாணவரின் அளவு அதிலிருந்து இரண்டு சதவிகிதத்துக்குள் இருந்தால் முழு மதிப்பெண். தள்ளிப்போனால் மதிப்பெண்ணும் தள்ளிப்போகும்.

இந்த வருடம் டீச்சரின் அளவு இருபது புள்ளி நான்கு. முதல் நாள் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பத்தொன்பது புள்ளி எட்டு, இல்லையென்றால் பத்தொன்பது புள்ளி ஒன்பது. கணக்குப் போட்டால் இரண்டரை, மூன்று சதவிகித வித்தியாசம். முன் மேசையில் நின்ற பெண்ணின் தாளை டீச்சர் தூக்கிப் பிடித்தார்.

"யாரைப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல டீச்சர். எனக்கு இதுதான் வந்துச்சு."

"உனக்கு மட்டுமா? இந்த ரூமுக்கே இதுதான் வந்திருக்கு. எல்லாருக்கும் ஒரே கையா? ஒரே கண்ணா? திருட்டுப் பிள்ளைங்களா."

அந்தப் பெண் அழவில்லை. பியூரெட்டைக் கழுவித் தலைகீழாகத் தாங்கியில் மாட்டிவிட்டுப் போனாள். ஒருவரே மூன்று முறை செய்து ஒரே அளவு வந்தால் அதை நம்புகிறோம். முப்பது பேருக்கு ஒரே அளவு வந்தால் சந்தேகப்படுகிறோம். இதில் கோளாறு எங்கே இருக்கிறது என்று டீச்சர் அன்று யோசிக்கவில்லை.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும்தான். அக்கா தையல்காரி. மாலையில் துணி காய்ந்திருந்த கொடியைப் பார்த்து அவள் கத்தினாள்.

"ஏண்டி, என் வெள்ளைத் துணியை அந்தச் சிவப்புத் துண்டோடயா ஊறப் போட்ட? பாரு, அத்தனையும் ரோஸாப் போச்சு. வாடிக்கைக்காரிக்கு நான் என்ன சொல்றது, புது மோஸ்தர்னா?"

"எங்க ரோஸு? வெள்ளையாத்தானேக்கா இருக்கு."

அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். "விளையாடாதடி," என்றாள். டீச்சர் துணியை ஜன்னலருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைதான்.

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் ஆய்வகத்துக்குப் போனார். கரைசல்களைக் கலக்கி வைக்கும் உதவியாளரை எல்லோரும் லேப் அண்ணன் என்பார்கள். அவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு ஒன்றை வைத்து டீச்சர் பியூரெட்டின் திருகைத் திறந்தார். சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார்.

"வந்துருச்சு டீச்சர்," என்றார் லேப் அண்ணன்.

டீச்சருக்குக் குடுவையில் தண்ணீர்தான் தெரிந்தது. இன்னும் விட்டார். மேலும் விட்டார். பிறகு லேசாக ஒரு சிவப்பு தெரிந்தது. பியூரெட்டைப் படித்தார். இருபது புள்ளி நான்கு.

"நீ சொன்னப்ப எவ்வளவு?"

"பத்தொம்பது புள்ளி ஒம்போது இருக்கும்."

"என்னைக்குமே நான் இப்படித்தான் விடறேனா?"

"நீங்க கொஞ்சம் தாராளமா விடுவீங்க டீச்சர். உங்க கணக்கு அப்படின்னு நினைச்சேன்."

வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் இளைஞர். வேலை சீக்கிரம் முடிந்தால் சந்தோஷப்படுகிறவர். டீச்சர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் கையை விரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? மார்க் இன்னும் அனுப்பலையே. நான் ஒரு தடவை செஞ்சு பாத்து, அதையே உங்க அளவுன்னு போட்டுக்கலாம். புள்ளைங்களுக்கு முழு மார்க். கண்ணைப் பத்தி யாருக்கும் மூச்சு விட வேண்டாம். அப்புறம் உங்களை லேப்புக்குள்ளயே விட மாட்டாங்க."

அவர் சொன்னது உண்மை. ஆய்வகம் இல்லையென்றால் டீச்சருக்குக் கரும்பலகையும் சாக்பீஸும்தான். தேர்வாளர் செய்து பார்த்தார். பத்தொன்பது புள்ளி எட்டு. மதிப்பெண்கள் திருத்தப்பட்டன. அத்தோடு முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மதிப்பெண்ணைத் திருத்தினால் 'திருட்டுப் பிள்ளைங்களா' என்பது திருந்திவிடாது. திருடவில்லை என்று சொல்ல வேண்டுமானால், பிறகு ஏன் அப்படித் தோன்றியது என்றும் சொல்லியாக வேண்டும். இதைத் துணிச்சல் என்று நான் எழுத மாட்டேன். வேறு வழி எதுவும் அவர் மனத்துக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். மதிய இடைவேளையில் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார். தலைமையாசிரியர் முதலில் வருத்தப்பட்டார், அடுத்தபடியாக ஆய்வகத்துக்கு வேறு ஆள் போட வேண்டும் என்றார்.

முதல் நாள் பிள்ளைகள் அன்று இயற்பியல் செய்முறைக்காகத் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். டீச்சர் அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"நேத்து நீங்க யாரும் காப்பி அடிக்கல. என் கண்ணுதான் சரியில்ல. எனக்கு அந்தச் சிவப்பு தெரியல. மார்க்கை மாத்தியாச்சு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். டீச்சர் முன் மேசைப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"நீ மனசுல வச்சுக்காதம்மா."

"நான் வச்சுக்கல டீச்சர்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "போன வருஷம் எங்க அக்காவும் இதே லேப்லதான் செஞ்சா. அவளையும் யாரைப் பாத்து எழுதினன்னு கேட்டீங்களாம். வீட்டுல அப்பாவும் அதையேதான் கேட்டார். அவ மார்க்கை மாத்துவீங்களா?"

"போன வருஷத்தது முடிஞ்சு போச்சேம்மா," என்றார் டீச்சர்.

"அதான் டீச்சர். ஆனா அவளுக்கு இன்னும் முடியல."

மணி அடித்தது. வரிசை உள்ளே நகர்ந்தது. அந்தப் பெண்ணுடைய அக்காவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர டீச்சர் முயன்றார். வரவில்லை. அவளைப் போல இன்னும் எத்தனை பேர் என்பதும் தெரியவில்லை. தாழ்வாரம் காலியான பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார்.