கிழக்கு வரப்பில் எண்ணிய கைகள்

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் புத்தகம் தெரியும். இடதுசாரி இயக்கங்களுக்குள் ஜனநாயகம் எப்படி நடந்தது என்று எழுதியது. அதில் மூன்றாம் அத்தியாயம் மரக்காணம் உப்பளம். வேலைநிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று உப்பு வாரும் பெண்களே கை தூக்கி முடிவெடுத்த கதை. அந்த ஒரு காலைப்பொழுதை வைத்து இருபது வருஷமாக வயிறு வளர்க்கிறேன். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் அதையே அரைத்தேன். கேட்டவர்களும் சலிக்காமல் கை தட்டினார்கள். அவர்களில் ஒருத்தர்கூட உப்பளத்தை எட்டிப் பார்த்தவர் இல்லை.

அன்று நான் கட்சியின் முழுநேர ஊழியன். நாலு பிரசுரம் படித்த திமிர். காலை வேலை முடிகிற நேரத்தில் கிழக்கு வரப்பில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அரை மணி நேரம் முழங்கினேன். வேலைநிறுத்தத்துக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். முன்வரிசையில் ஒரு அக்காவின் கை முதலில் எழுந்தது. பிறகு எல்லாக் கைகளும். கூட வந்தவர் படம் எடுத்தார். அதுதான் புத்தகத்தின் அட்டை.

வேலைநிறுத்தம் பத்து நாளில் பிசுபிசுத்தது. அளத்து முதலாளியிடம் சமாதானம் பேசப் போன இடத்தில், முதல் கை அந்த அக்காவுடையது என்று நானே பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் எல்லாரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார், அந்த அக்காவைத் தவிர. நான் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போய்விட்டேன்.

போன மாசம் மறுபதிப்பு வேலையாக அந்த அக்காவைத் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தடித்த கண்ணாடி. உப்பு வெளுப்பில் பாதிக் கண் போய்விட்டது என்றார். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எந்த அளத்திலும் சேர்க்கவில்லையாம். இறால் கம்பெனி, வீட்டு வேலை என்று அலைந்திருக்கிறார். அட்டைப் படத்தைக் கொடுத்தேன். பூரித்துப்போவார் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. கையைக் கழுவிவிட்டு வந்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நான் எங்க சார் கை தூக்குனேன்? சூரியன் உங்க முதுவாண்ட இருந்துது. கண்ணு கூசுச்சின்னு கைய வெச்சி மறைச்சிக்கினேன். எல்லாருக்கும்தான் கூசுச்சு."

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கையும் நெற்றியில் இருந்தது. இத்தனை வருஷம் பார்த்த படம்தான். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், தப்பு அவருடையது போல.

"சொன்னேனே. நீங்க எண்ணிக்கினு இருந்தீங்க."

ஊரில் இன்னமும் அந்த வருஷத்து உப்பு சீசனைக் கெடுத்தவள் என்றுதான் அவருக்குப் பெயர். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி மாற்றிவிட்டால் போதும், எழுத்துக்கூட்டியாவது தானே படித்து நாலு பேருக்குக் காட்டுவேன் என்றார். மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மாற்றினால் மூன்றாம் அத்தியாயம் இல்லை. அது போனால் நானும் இல்லை. ஜனநாயகத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவனுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. அத்தியாயம் அப்படியே இருக்கிறது, அட்டையும் அதேதான். பக்கத்தின் அடியில் மட்டும், ‘இது குறித்து வேறுவிதமான நினைவுகளும் உண்டு’ என்று ஒரு அடிக்குறிப்பு சேர்த்தேன். எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறதே, பெரிதாக்கட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள்.

வேண்டாம் என்றேன்.