மாவட்ட அணியின் இரண்டாவது கீப்பர்

1. போன் வந்த காலை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இப்போது நான் ஃபோர்மேன். இந்தக் கதை நடந்தபோது வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் லீக்கில் விக்கெட் கீப்பர். லீக்கில் நன்றாக ஆடியதால் சேலம் மாவட்ட அணியிலும் எடுத்தார்கள், ஆனால் இரண்டாவது கீப்பராக. முதல் கீப்பர் செந்தில் சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ்காரன். அவனுக்குத் தலைவலிகூட வந்து நான் பார்த்ததில்லை. அதனால் மாவட்ட அணியில் என் வேலை தண்ணீர் பாட்டில் கொண்டு போவதும், பயிற்சியில் பந்து பொறுக்குவதும்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. வாரம் முழுக்க வெல்டிங் புகையில் நிற்கிறவனுக்குப் புல்தரையில் நிற்பது கசக்குமா?

பக்கத்து மாவட்டத்தோடு இறுதி ஆட்டம் நடந்த அன்று பட்டறையில் ஒரு புது வண்டி டெலிவரி இருந்தது. கேப்டன் ரகுவிடம் சொல்லிவிட்டு நான் வேலைக்கு வந்துவிட்டேன். பின் கதவு மாட்டிக்கொண்டிருக்கும்போது ரகு போன் செய்தான்.

"முருகேசா, பிராக்டிஸ்ல செந்திலுக்கு விரல் போச்சு. நீதான் கீப்பர். டீம்ல உன் பேரக் குடுத்துட்டேன். கிளம்பி வா!"

"டெலிவரி இருக்கேடா. லேட்டாகும்."

"டாஸ் ஜெயிச்சா பேட்டிங் எடுக்கறேன். அதுக்குள்ள வந்துரு."

ஓனர் சண்முகம் அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பின் கதவுக் கீலு சரியா உக்காராம வண்டி வெளிய போவாது சாமி. அத முடிச்சுட்டுப் போ."

வேறு யாரிடமாவது அந்தக் கீலைக் கொடுத்துவிட்டு ஓடலாம் என்று தோன்றியது. ஆனால் நான் ஆரம்பித்த வேலை. முடித்தேன். பூசை நடந்தது, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடப் போனேன். வண்டி வாங்கிய ஓமலூர்க்காரர் மாதையன் என்னைத் தடுத்தார்.

"பஸ்ஸு எதுக்குங்க? நான் சேலத்து வழியாத்தான் போறேன். மொத ஓட்டம் வெறும் வண்டியாப் போவக்கூடாதுன்னு ஊட்ல சொல்லி உட்டாங்க. ஏறுங்க, நீங்கதான் லோடு."

நான் ஏறியதும் ஓனரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். "நானும் வாரேன். ஞாயித்துக்கெழமையானா அங்க போயி என்னதான் பண்றேன்னு பாத்தர்றேன்."

ராசிபுரம் தாண்டும்போது ரகு மறுபடி பேசினான். டாஸில் தோற்றுவிட்டோம். கீப்பர் இல்லாமலே ஃபீல்டிங் தொடங்கிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வார்த்தையிலேயே அவன் சிரித்தான். அவர்களே நம்மை முதலில் பேட்டிங் செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

2. ஹாரன்

சேலத்தில் சூரமங்கலம் பக்கத்தில் ஆட்டம் நடந்த மைதானத்தின் ஓரத்தில் மாலை போட்ட லாரி வந்து நின்றதும் இரண்டு அணியும் ஆட்டத்தை மறந்து பார்த்தன. நான் கடைசி ஆளாகப் பேட்டிங் போய், ஒரு ரன்கூட எடுக்காமல் திரும்பினேன். மொத்த ஸ்கோரும் பெரிதாக இல்லை.

கீப்பிங்கில் எனக்குப் பயம் இளங்கோதான். எங்கள் லெக் ஸ்பின்னர். அவன் வீசுவது எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செந்திலுக்கு மட்டும்தான் தெரியும். முதல் ஓவரிலேயே ஒரு பந்து என் காலுக்கிடையில் புகுந்து பவுண்டரிக்குப் போனது. லாரியிலிருந்து நீளமாக ஹாரன் சத்தம். அடுத்த பந்தைப் பிடித்தேன். அதற்கும் ஹாரன். மாதையனுக்கு கிரிக்கெட் தெரியாது. நான் எது செய்தாலும் அடித்தார். கடைசியில் அம்பயர் லாரி வரைக்கும் நடந்து போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் பயம் போய்விட்டது. பந்தைக் கணிக்கும் முயற்சியை விட்டேன். கை போகிற பக்கம் போகட்டும், உடம்பு முழுதும் பந்துக்குப் பின்னால் போய்விடுவது என்று முடிவு செய்தேன். முழங்காலிலும் தோளிலும் அடி வாங்கினேன். அதன் பிறகு ஒரு பந்தும் என்னைத் தாண்டிப் போகவில்லை.

3. பிடிக்காமலே அவுட்

கடைசி விக்கெட். ஒரு பவுண்டரி அடித்தால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். இளங்கோ தூக்கி வீசினான். பேட்ஸ்மேன் ஆசையோடு இறங்கி வந்து சுற்றினான். பந்து மட்டையில் படவில்லை. பாம்பு தலை தூக்குவது போல எழும்பி, என் கிளவுஸுக்கு மேலே வந்து நெஞ்சில் மோதியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பந்து திரும்பிப் போய் ஸ்டம்பில் பட்டு பெயில்ஸ் விழுந்தது. பேட்ஸ்மேன் கிரீஸுக்கு வெளியே நின்றான். ஸ்கொயர் லெக் அம்பயர் விரலைத் தூக்கினார்.

"சார், அவர் புடிக்கவே இல்லியே!" என்றான் பேட்ஸ்மேன்.

"புடிக்கணும்னு சட்டத்துல இல்லப்பா. கீப்பர் மேல பட்டுத் திரும்பி வந்து விழுந்தாலும் ஸ்டம்பிங்தான்."

அதற்குள் எல்லோரும் என் மேல் விழுந்துவிட்டார்கள். கட்டுப் போட்ட விரலோடு ஓடி வந்த செந்தில்தான் முதலில் என்னைத் தூக்கினான். "நான் நின்னிருந்தா புடிக்கப் போயி உட்டிருப்பேன்டா!" என்று கத்தினான். ஓனர் என் பனியனை விலக்கி நெஞ்சில் சிவந்திருந்த வட்டத்தைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இதுக்குத்தான் வாராவாரம் ஓடுனியா?"

"ஆமாங்கண்ணா."

"அடுத்த வாரமும் வாரேன். சொல்லாமப் போயராத."

விரல் ஆறியதும் செந்தில் திரும்பி வந்தான். மாவட்டத்துக்காக அதன் பிறகு நான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரே ஆட்டம், பூஜ்யம் ரன், ஒரு ஸ்டம்பிங். கணக்கு அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது, குறையாகத் தோன்றுவதில்லை.

வேலையிலும் ஆட்டத்திலும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவன் கை உங்களுக்கு வராது. அதற்காக ஒதுங்கி நிற்காதீர்கள். இருக்கிற உடம்பைக் கொண்டுபோய்ப் பந்துக்கு நேரே வையுங்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் பந்து வரும்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள்.