ஆக்சிலியாவின் பேசும் பெட்டி

ஆக்சிலியாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனாலும் போர்ட் பிளேர் மரைன் ஹில்லில், கிருஷ்ணமூர்த்தியின் சரக்குக் கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவள் அவள்தான். யார் தயவும் இல்லாமல். அதற்குத் துணை, செங்கல் அளவில் ஒரு பழைய பெட்டி.

லினக்ஸில் ஓடும் ஸ்க்ரீன் ரீடர், திரையில் வரும் எழுத்தை அந்தப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி கரகரத்த குரலில் வாசிக்கும். கம்ப்யூட்டருக்குள்ளேயே பேசுகிற மென்பொருள் குரலும் உண்டு. ஆனால் அது பெரிய துரை. கம்ப்யூட்டர் முழுதாக எழுந்து தயாரான பிறகுதான் வாயைத் திறக்கும். போர்ட் பிளேரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. போய் வந்தால் மெஷின் பாதி வழியில் நின்று எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும். அப்போதும் பேசுவது பெட்டி மட்டும்தான்.

அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். வேறு கிடைக்காது. அதனால் ஆபீசில் விட்டுவர மனம் வராமல், தினமும் தோள்பையில் போட்டு, சாத்தம் படகுத்துறையில் ஃபெரி ஏறி பாம்பூ ஃபிளாட் வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஒரு ஜூன் மாதச் சாயங்காலம், பெரிய அலை ஒன்று ஃபெரிக்குள் அடித்து அவளையும் பையையும் தொப்பலாக்கியது.

பாம்பூ ஃபிளாட் ஜெட்டியில் காத்திருந்த கணவன் தாமஸ் மீன்பிடி டிங்கிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறவன். கடலில் விழுந்த எத்தனையோ எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்தவன்.

"பயப்படாத புள்ள. நல்ல தண்ணில கழுவி ஒடனே ஓட்டிரணும். சும்மா போட்டாத்தான் துருப்பிடிக்கும். ஏக்தம் டீக் ஆயிரும், பழையபடி பேசும்."

அவளும் நம்பினாள். அவன் கைராசிதான் ஊரறிந்ததாயிற்றே. குடிதண்ணீரில் பெட்டியை அலசி, துணியால் துடைத்து, ஈரம் காயும் முன்பே பிளக்கைச் செருகினான். பெட்டி பாதி வார்த்தை பேசியது. பிறகு கருகிய வாடைதான் வந்தது. தாமஸ் இன்னொரு தரம் செருகிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நாள், கரண்ட் போய் வரும்போதெல்லாம் பக்கத்து மேஜை கார்த்திகா திரையைப் பார்த்து வாசித்துச் சொன்னாள். அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. கப்பல் புறப்படும் நாளில் மெஷின் மறுபடி நின்றது. கார்த்திகா லீவு. எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஆக்சிலியா கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். காகிதங்கள் தயாராகாமல் சரக்கு கரையிலேயே தங்கிவிட்டது.

கிருஷ்ணமூர்த்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். "மெயின்லேண்ட்ல இருந்து வேற பெட்டி வந்தா வேலைக்கு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார். வராது என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று அழைத்துப்போக தாமஸ் வந்திருந்தான். ஃபெரி பாதி தூரம் போனபிறகு சொன்னான்.

"நான் நல்லதுக்குத்தான செஞ்சேன், புள்ள."

"தெரியும்" என்றாள் ஆக்சிலியா. "அதான் ஒங்கள திட்டக்கூட முடியல."

மடியில் காலிப் பை கிடந்தது. பழக்க தோஷத்தில் அலைக்கு மறைத்து அதைக் கட்டிப் பிடித்திருந்தாள்.