செலின் மிஸ் காய்ச்சிப் பார்த்த குழாய்

போன வாரம் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் சிறுநீர் எடுத்துக் கொடுத்தேன். தாதி ஒரு காகிதக் குச்சியை அதில் முக்கிப் பார்த்து, "சீனி இல்ல அம்மா, போங்க" என்றாள். அவ்வளவுதான் பரிசோதனை. பக்கத்தில் யாருக்கோ ஊசி போட ஸ்பிரிட் தடவினார்கள். அந்த வாசனை என்னை மடுல்சீமைக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்போது நான் அங்கே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர், வயிற்றில் தலைப்பிள்ளை. செலின் மிஸ் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவிச்சி. கொழுந்தெடுக்கும் பெண்கள் கூச்சமில்லாமல் அவரிடம் சிறுநீர்ப் போத்தலை நீட்டுவார்கள். நானோ ஜாம் போத்தலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போவேன். ஒருநாள் ஒரு பிள்ளையின் தாய் வழிமறித்து, "தேனா டீச்சர்? எங்க வாங்குனீங்க?" என்று கேட்க, நான் பட்ட பாடு இருக்கிறதே!

ஏழாம் மாதம் கால் வீங்கியது. செருப்பு சுருங்கிவிட்டது என்றேன். தலைவலிக்குப் பனியைக் குற்றம் சொன்னேன். படித்தவள் அல்லவா, எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

அந்த மாதமும் வழக்கம்போல மிஸ் கண்ணாடிக் குழாயில் சிறுநீரை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தை மட்டும் காய்ச்சினார். எப்போதும் தெளிவாக இருப்பது, அன்று வெந்த முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது. அமிலம் இரண்டு சொட்டு விட்டார். கலையவில்லை; சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது.

"இன்னைக்கே பதுளைக்குப் போகணும் டீச்சர்."

"நாளைக்குப் பரீட்சை இருக்கே மிஸ். முடிச்சிட்டுப் போறேனே?"

"பரீட்சைய யாராச்சும் வைப்பாங்க. உங்களுக்கு வலிப்பு வந்துச்சுன்னா, இந்த மலையில என்னால ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தேயிலை லொறியில் டிரைவருக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்று டிரைவரைக் கெஞ்சினார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என் கணவருக்கும் ஆளனுப்பியிருந்தார்.

அவர் பயந்த வலிப்பு வார்டில்தான் வந்தது. ஊசியோடு டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். மறுநாள் மகள் பிறந்தாள், கையகலக் குஞ்சு. இரண்டு பேரும் பிழைத்தோம்.

பிள்ளை கொஞ்சம் தேறியதும் காட்டலாமென்று தூக்கிக்கொண்டு போனேன். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில், மிஸ் தாய் தகப்பனோடு கப்பலேறியிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. மிஸ்ஸின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மகள் கேட்டால், கறுப்பாக, உயரமாக இருப்பார், வேகமாக நடப்பார் என்று மட்டும் சொல்கிறேன். செலின் மிஸ்ஸின் அன்றைய வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள்.