வருவான் என்பதற்கு மட்டும்

கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் சொல்வேன். செல்லப்பன். ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, ஆள் குத்துக்கல்லாட்டம்தான் இருக்கிறார்.

மலாயாவில் சிம்பாங் ரெங்கத்துத் தோட்டத்திலிருந்து ரெங்கம் ரயிலடிக்கு ரப்பர் ஷீட்டு ஏற்றிப்போகும் மாட்டுவண்டிக்காரர். பாடுபட்டுச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வாங்கியிருந்தார். ஒரு கேள்வி கேட்டால் மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, பீடி பற்றவைத்த பிறகுதான் பதில் வரும். எனக்கோ மூக்கின்மேல் கோபம். எப்படித்தான் இவரோடு குப்பை கொட்டினேனோ!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் அவருடைய தங்கை காளியம்மாவின் மகன் மணியத்தை, நாங்கள் மாத்தா என்று சொல்லும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மணியம் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பவன். வரிசையில் வரும் பெண்களைத் தொட்டுச் சீண்டுவது அவனுக்கு வாடிக்கை. பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பால் மரம் வெட்டும் சின்னத்தம்பியின் மகள் செல்வராணி அப்படிப் போகவில்லை. அவன் முந்தானையைப் பிடித்து இழுத்ததும், வாளிப்பாலை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். பால் உறைந்து ஒட்டிக்கொண்டு, கடைசியில் அவனுக்கு மொட்டைதான் அடிக்க வேண்டியிருந்தது. அவள் அதோடு விடாமல் அப்பனைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்ப் போலீசில் எழுதிவைத்தாள். அம்மாடி, என்ன துணிச்சல்!

காளியம்மா எங்கள் வாசலில் வந்து விழுந்தாள். "அண்ணே, ஒத்தப் புள்ளண்ணே! மாத்தாக்காரன் கம்பிக்குள்ள போட்டுட்டான். நீ ஜாமீன் நின்னாத்தான் விடுவாங்களாம்."

ஜாமீன் என்றால் எங்கள் தோட்டத்தில் வேறு அர்த்தம். யார்மேலாவது பழி வந்தால், பெரிய மனிதர் ஒருவர் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, "இவன் செய்யல" என்று அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதுதான் ஜாமீன் நிற்பது. பொய்ச் சத்தியம் என்றால் ஆத்தா கண்ணைப் பிடுங்கிவிடுவாள். அதனால் மணியத்துக்காக ஒருவரும் முன்வரவில்லை. பெரிய கங்காணிக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது.

இவர் பீடியைப் பற்றவைத்தார். "நான் பாக்கலியே தங்கச்சி. பாக்காததுக்கு எப்படி சூடம் கொளுத்துவேன்?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனாலும் கூடப்பிறந்தவள் அழும்போது சும்மா இருக்க முடியுமா? மகனைப் பார்க்கவாவது அழைத்துப் போங்கள் என்று நானே அனுப்பினேன். குளுவாங் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் மரியநாதன் இவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"யோவ் செல்லப்பன், அவன் யோக்கியன்னு யாரும் உன்னைச் சொல்லச் சொல்லல. குத்தம் பண்ணினானா இல்லியான்னு விசாரணையிலதான் தெரியும். இந்தியாவுல இருக்கிற அதே சட்டந்தான் இங்கயும். அதுவரைக்கும் அவனை வெளிய விட்டா ஓடமாட்டான், தேதிக்கு வருவான், அந்தப் பொண்ணு கிட்டயோ சாட்சிங்க கிட்டயோ போவமாட்டான். ஜாமீன்னா இவ்வளவுதான். ஓடிட்டான்னா உன் நிலம் அம்பேல்!"

"செய்யலன்னு சொல்ல வேணாமா?"

"வேணாம்லா!"

மனு போட்டார்கள். உள்ளூரில் வேலை இருக்கிறது, தாய் இருக்கிறாள், முன்னால் வழக்கு எதுவும் இல்லை என்று மரியநாதன் எழுதினார். ஸ்டோர் பக்கமே அவன் தலைகாட்டக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டு ஜாமீன் கொடுத்தார். இவர் நிலப் பத்திரத்தைக் காட்டிக் கைநாட்டு வைத்தார்.

திரும்பி வந்தபோது லயத்து வரிசை வீடுகளில் மேளம்! மணியத்தின் மொட்டைத்தலைக்குக் கீழே சாமந்தி மாலை. "செல்லப்பனே ஜாமீன் நின்னுட்டாருல்ல, அப்ப அவன் செய்யல. அந்தப் பொண்ணுதான் புளுகியிருக்கு." லயமே இப்படிப் பேசியது. "இல்ல, அப்படியில்ல" என்று இவர் இழுத்து இழுத்துச் சொல்வதற்குள் மேளம் அடுத்த லயத்துக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயில் செல்வராணி குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிடு என்று பெற்ற அப்பனே கெஞ்சினான். அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"அத்தே, மாமா அங்க இருந்து பாத்தாரா? பாக்காம எப்படி என்னப் பொய்க்காரியாக்கினாரு?"

இவர் வண்டி வந்து நின்றதும் பிடித்துக்கொண்டேன். "உங்க கைநாட்டு மை அந்தப் பொண்ணு மூஞ்சியில அப்பியிருக்கு, போய்ப் பாருங்க! கோர்ட்டுல நீங்க என்ன சொன்னீங்கன்னு இந்த லயத்துல யாருக்குத் தெரியும்? உங்க வாய்க்கு வெத்தலபாக்கு வச்சி அழைக்கணுமா?"

அவர் மாட்டை அவிழ்த்தார். தண்ணீர் காட்டினார். பீடி பற்றவைக்கவில்லை. நெருப்புப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். வெள்ளிக்கிழமை பூஜை, தோட்டமே கூடியிருந்தது. அம்மன் முன்னால் சூடம் கொளுத்தி, அதன்மேல் கையை அடித்தார்.

"மணியம் தேதிக்குக் கோர்ட்டுக்கு வருவான். அதுக்கு மட்டுந்தான் நான் ஜாமீன். அவன் செய்யலன்னு நான் எங்கயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆத்தா சத்தியம்."

என் மனுஷன் ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. காளியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "நீயெல்லாம் ஒரு அண்ணனா? இனி உன் வாசல் மிதிச்சா என்னன்னு கேளு!" அந்த வார்த்தையை அவள் கடைசிவரை காப்பாற்றினாள். இவர் அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறார். தங்கை என்றால் அவருக்கு உயிர்.

மறுநாள் செல்வராணி குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். நான் போய் அவள் குடத்தோடு ஒட்டி என் குடத்தை வைத்தேன். யார் தள்ளி வைக்கிறார்கள் பார்ப்போம் என்று நின்றேன். ஒருத்தியும் தொடவில்லை.

தேதி நெருங்கியதும் மணியம் இவரைத் தேடி வந்தான். "மாமா, நான் சிங்கப்பூர் போயிடறேன். அங்க யாரு தேடப்போறா?"

"போலாம். போறதுன்னா என் வண்டியிலதான் போவணும். என் வண்டி ரெங்கம் ரயிலடிக்குப் போவும். அங்கேர்ந்து குளுவாங் ரயிலுதான்."

விசாரணை நாளில் அவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இவர் போனார். சின்னத்தம்பியும் செல்வராணியும் நானும் அதே ரயிலில் வேறு பெட்டியில் போனோம். கோர்ட்டில் காளியம்மா ஒரு பக்கம் பெஞ்சில், செல்வராணி மறுபக்கம். மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கூப்பிட்டார். "மணியத்துக்கு ஜாமீன் நின்னவர் யாரு?"

இவர் எழுந்தார். "நான்தாங்க. சொன்னபடி கொண்டாந்துட்டேன்."

மணியத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். இவர் தங்கை இருந்த பெஞ்சை ஒரு தடவை பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து செல்வராணியின் அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.