கரை தைத்த தோள்

என் வலது தோள் மூன்றாம் முறை கழன்றது, தறிக்கு மேலே அறுந்துபோன கயிற்றை முடிச்சுப் போடக் கையை உயர்த்தியபோது. முதல் முறை மருதமுனை மணல் ஒழுங்கையில் சைக்கிளோடு விழுந்தேன். இரண்டாம் முறை சட்டை கழற்றும்போதே தோளும் சேர்ந்து கழன்றது. ஒவ்வொரு தடவையும் முறிவு வைத்தியர் அக்குளில் குதிகாலை ஊன்றி, கையை இழுத்துக் கொழுவிவிடுவார். நான் கத்தி ஊரைக் கூட்டுவேன். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் கொழுவியது நிற்கவில்லை.

நெசவுக்காரனுக்குத் தோள் போனால் மிச்சம் என்ன? தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை வலக்கையால் இழுத்தால்தான் நூலைச் சுமந்த நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடும். என் தறி சும்மா கிடந்தது. நான் மனைவியோடு உட்கார்ந்து நூல் சுற்றினேன்.

"என்ன மச்சான், பொம்புளைகள்ற வேலைக்கு வந்திட்டியா?" என்று கூட்டாளிகள் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் கொழும்புக்கு ரயில் ஏறினேன். அங்கே ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார்.

"தோள் எலும்பின்ர உருண்டை பெரிசு. அது இருக்கிற கிண்ணம் ஆழமில்லாதது. கிண்ணத்தின்ர விளிம்பு கிழிஞ்சுபோச்சு. அதாலதான் உருண்டை முன்னால வழுக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது! "கரை பிரிஞ்சிட்டெண்டு சொல்லுங்க ஐயா. கரையத் தைச்சா நிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "ஓம், அதைத்தான் செய்யப்போறன். முன்பக்கத் தசையையும் இறுக்கித் தைப்பன். ஆனா கை முந்தி மாதிரி முழுசாத் திரும்பாது."

"தறிக் கயிறு இழுக்கலாமா?"

"இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

ஒப்பரேசன் முடிந்து ஒரு மாதம் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு, சுவரில் விரல்களை நடக்கவிட்டு, அங்குலம் அங்குலமாகக் கையை உயர்த்தப் பழகினேன். ஊருக்கு வந்தும் விடவில்லை. வீட்டுச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் என் விரல் அடையாளம்.

இனித் தறியில் இருந்து பார்க்கலாம் என்று டொக்டர் குறித்துக் கொடுத்த நாள் விடிந்ததும் தறிக்குழியில் இறங்கினேன். மனைவி நெஞ்சில் கைவைத்து நின்றாள்.

"மெதுவா, மெதுவா" என்றாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி இழுத்தேன். நாடா பறந்தது! மறுபடி இழுத்தேன், மறுபடியும் மறுபடியும். நூல் அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று இழுத்தேன். தோள் இடம்விட்டு அசையவில்லை. என்னை மறந்து "அல்லாஹு அக்பர்!" என்று கத்தி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன்.

"கைய எறக்குங்க!" என்று அவள் அலறினாள்.

அப்போதுதான் பார்த்தேன். வலக்கை இடக்கையைவிட ஒரு சாண் தாழ்வாகவே நின்றுவிட்டது. ஆனால் தோள் கழலவில்லை. நான் கைகளை இறக்கவேயில்லை.