பாதிப் படம் பார்த்த ஜகதீசன்

ஜகதீசன் சார் ஒரு இங்கிலீஷ் படத்தைப் பாதி பார்த்துவிட்டு வேலையை விட்டார். மீதிப் பாதியை அவர் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

செகந்திராபாத்தை அடுத்த மல்லாபூர் பக்கம் ஒரு சர்க்கார் கம்பெனி. அதில் ஸ்டோர்ஸ் செக்ஷன். அவர் அங்கே குமாஸ்தா, கும்பகோணத்துக்காரர், பி.ஏ. படித்தவர். நான் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஹெல்பர். என்னைவிட மூன்று வயது சின்னவர் என்றாலும் எனக்கு அவர் சார்தான். அவருக்கு நான் 'யோவ் அய்யாக்கண்ணு'.

எங்கள் செக்ஷனில் இருநூற்றுப் பதினாலாம் நம்பர் தட்டு என்று ஒன்று உண்டு. அதில் நாலு மூட்டை ரப்பர் வாஷர். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அந்த வாஷருக்கு வேறு நம்பர் போட்டிருந்தார்கள். அந்த நம்பர்படி கையிருப்பு இல்லை. பக்கத்துப் பட்டறை ஷாப்பிலிருந்து வாஷர் வேண்டும் என்று மூன்று காப்பியில் லெட்டர் வரும். இல்லை என்று சார் மூன்று காப்பியில் பதில் போடுவார். ஏன் இல்லை என்று அவர்கள் கேட்பார்கள். இல்லாததால் இல்லை என்று இவர் எழுதுவார். மூன்று வருஷம் இப்படியே நடந்தது. நடுவில் அந்த ஷாப்பிலிருந்து ஆள் ஓடி வந்தால் நான் ஒரு கை அள்ளிக் கொடுத்துவிடுவேன். மறுநாளும் லெட்டர் வரும்.

"காகிதத்துல கேட்டா இல்ல, கையில கேட்டா இருக்கு. இந்தக் கம்பெனிய ஓட்டறது உம்ம கைதான்யா" என்பார் சார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் பேனாவை மூடும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு ஜன்னல் ஓரம் பூராவும் ஹார்லிக்ஸ் பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு கலர் மீன். சாயந்திரம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "மீன் கடை வெச்சா எப்படிய்யா இருக்கும்?" என்று நூறு தடவை என்னிடம் கேட்டிருப்பார். நானும் நூறு தடவை நல்லா இருக்கும் சார் என்றிருக்கிறேன்.

எழுபத்து நாலாம் வருஷம், ஒரு கிருத்திகை. சனிக்கிழமை, அரை நாள் வேலை. அவர் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு செகந்திராபாத் போனார், படம் பார்க்க. தியேட்டரில் மொத்தம் பதினோரு பேர் இருந்தோம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

படத்தில் ஒரு ஒல்லி ஆள், கழுத்தில் டை, பெரிய கட்டடத்தில் ஏழாவது மாடியில் வேலை. காலையிலிருந்து சாயந்திரம் வரை லெட்டர்களுக்குப் பதில் எழுதுகிறான். ஒருநாள் வழி தவறி ஆறாவது மாடிக்குப் போகிறான். அங்கே இன்னொருவன் உட்கார்ந்து, இவன் எழுதின பதில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"யோவ், வாஷர்! வாஷர்!" என்று சார் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அந்த ஆள் சக்கரம் வைத்த தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கட்டடத்தை விட்டு வெளியே வருகிறான். ரோட்டில் காரெல்லாம் நிற்கிறது. கடற்கரைக்குப் போய், பூட்ஸைக் கழற்றிக் கடலில் வீசிவிட்டு, அந்த நாற்காலியில் உட்காருகிறான். இடைவேளை விட்டார்கள்.

மணி ஏழு பத்து.

"சார், பத்மாராவ் நகர் முருகன் கோயில்ல ஏழரைக்கு தீபாராதனை. கிருத்திகைய நான் விட்டதே இல்ல."

"போறதுன்னா போம். நானா பிடிச்சு வெச்சிண்டிருக்கேன்?"

"சைக்கிள் உங்களுதாச்சே சார்."

மூடின திரையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வாரும். பூட்ஸக் கடல்ல போட்டாச்சு. இனிமே அவனுக்கு என்ன ஆகப்போறது? மீதிய நாளைக்கு வந்து பாத்துக்கலாம்" என்று எழுந்துகொண்டார். மறுநாள் போனோம். படத்தைத் தூக்கிவிட்டு ஏதோ இந்திப் படம் போட்டிருந்தான்.

ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சனிக்கிழமை தீபாராதனையின்போதே முடிந்தது. கூட்டத்தில் சார் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் கண்ணைத் திறக்கவும் சுவாமியின் வலது தோளிலிருந்து ஒரு செவ்வரளிப் பூ விழவும் சரியாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"சார், பூ! வலது பக்கம்! என்ன நெனச்சீங்களோ அதுக்கு உத்தரவு ஆயிடுச்சு. யோசிக்கவே யோசிக்காதீங்க."

"நிஜமாவா சொல்றீர்?"

"சாமி காரியத்துல சந்தேகம் என்னா சார்?"

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிரமோஷனைத்தான் நினைத்திருப்பார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை ராஜினாமா லெட்டர் கொடுத்தார்.

எங்கள் ஆபீஸர் வெங்கடகிருஷ்ணன் நல்ல மனிதர். என்னை உள்ளே கூப்பிட்டு மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். "இது மேல போகலை. ஒரு மாசம் இங்கயே கிடக்கும். நீ சொன்னா அவன் கேப்பான், சொல்லிப் பாருப்பா" என்றார்.

அன்று சாயந்திரமே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலிலேயே சார் வீட்டம்மா ரமா நின்றிருந்தார்கள். "அண்ணா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா? கேட்டா, முருகன் உத்தரவு, நீ பேசாதேங்கறார். சுவாமி பேரச் சொன்னா நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்வேன்?"

உள்ளே சார் மீன்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவு லேசான முகத்தை அதற்கு முன்னால் அவரிடம் நான் பார்த்ததில்லை. பாட்டுகூடப் பாடினார். வாயைத் திறந்தேன். பூ விழுந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் சுவாமியையே இல்லையென்று சொன்ன மாதிரி ஆகாதா? காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாசம் கழிந்ததும் லெட்டர் மேலே போய்விட்டது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து வாரசிகூடாவில் ஒரே அறையில் குடிபோனார்கள். மகள் திரிபுரசுந்தரி கம்பெனி ஸ்கூலிலிருந்து நின்று கார்ப்பரேஷன் ஸ்கூலில் சேர்ந்தாள். சார் மீன் கடை போட்டார். மெட்ராஸிலிருந்து தகர டின்னில் தண்ணீரும் மீனுமாக ரயிலில் வரும். முதல் வருஷம் ஓரளவு விற்றது. அப்புறம் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. மீன்களுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தது. ஒரு மே மாதம் ரயில் காஜிப்பேட்டையில் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டது. செகந்திராபாத் பிளாட்பாரத்தில் டின்னைத் திறந்தால் எல்லா மீனும் மேலே மிதந்தது.

அந்த டின் பக்கத்திலேயே சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஆள் கடலோரமா உக்காந்தானே, அவன் சாப்பாட்டுக்கு என்னய்யா பண்ணியிருப்பான்?"

அதற்கப்புறம் ஸ்டேஷன் எதிரில் ஒரு லாட்ஜில் வருகிறவர்கள் பேரை ரிஜிஸ்டரில் எழுதுகிற வேலைக்குப் போனார். எப்போது பார்த்தாலும் என்னிடம் அதே கேள்விதான். "அவன் என்னய்யா ஆனான்?" முதலில் வேடிக்கையாகக் கேட்டார். வருஷம் போகப் போக வேடிக்கை போய்விட்டது, கேள்வி நின்றது.

எண்பத்தொன்றில் எங்கள் காலனி கிளப் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை படம் போட்டார்கள். ஜமுக்காளம் விரித்துவிட்டு நிமிர்ந்தேன். திரையில் அந்த ஒல்லி ஆள், அதே நாற்காலி. இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மீதிப் பாதியில் பேச்சு அதிகமில்லை. எனக்கே புரிந்தது. கடற்கரையில் அவனுக்குப் பசிக்கிறது. நாற்காலியின் சக்கரங்களை ஒவ்வொன்றாக விற்று ரொட்டி வாங்குகிறான். மழை வருகிறது. கடைசியில் ஒரு அலை அவன் பூட்ஸையே கொண்டுவந்து காலடியில் போடுகிறது. ஈரத்தோடு அதை மாட்டிக்கொண்டு சளக் சளக்கென்று ஆபீஸுக்குத் திரும்பி நடக்கிறான். வாசலில் வாட்ச்மேன் சலாம் வைக்கிறான். ஏழாவது மாடியில் அவன் மேஜை அப்படியே இருக்கிறது. அவன் போனதை ஒருவருமே கவனிக்கவில்லை. ஆறாவது மாடிக்காரன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். இவன் உட்கார்ந்து பேனாவை எடுக்கிறான். படம் முடிந்தது. மைதானமே சிரித்தது. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கேட்கிறவரிடம் மறைக்கக்கூடாது என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால், "அப்பா லேரு அங்கிள், லாட்ஜிகி வெள்ளாரு" என்றாள் திரிபுரசுந்தரி, ஸ்கூல் தெலுங்கில். லாட்ஜுக்கே போய்ச் சொன்னேன்.

சார் சிரித்தார். தியேட்டரில் சிரித்த அதே சிரிப்பு. அப்புறம் நிறுத்திவிட்டு, "ஒருத்தரும் கவனிக்கலையா?" என்றார்.

"ஒருத்தரும் கவனிக்கல சார்."

"வாட்ச்மேன் சலாம் வெச்சானா?"

"வெச்சான்."

"யோவ், நம்ம இருநூத்திப் பதினாலு இன்னும் அங்கதான் இருக்கா?"

"அங்கேதான் சார். லெட்டரும் வந்துகிட்டுத்தான் இருக்கு." அவரைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் வரிசையில் ஜகதீசன் சார் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பழைய பூட்ஸ், கையில் டிபன் கேரியர். கேட்டில் புது வாட்ச்மேன்.

"பாஸ் கிதர் சாப்?"

"நான் ஸ்டோர்ஸ். பழைய ஆள்."

"பாஸ் நை தோ அந்தர் நக்கோ. பாஜு ஹட்டோ." பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று அவரை ஓரமாக ஒதுக்கினான்.

"கைக்கு ரோக்ரே பாய்? சைரன் ஹோ ரா!" என்று, வரிசை நின்றுபோன கோபத்தில் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

நான் ஓடிப்போய் விசிட்டர் சீட்டு வாங்கினேன். யாரைப் பார்க்க என்ற இடத்தில் என் பேரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் கை நின்றது. சார் பேனாவை வாங்கி, தன் உருண்டை எழுத்தில், 'வாஷர் விஷயமாக' என்று இங்கிலீஷில் எழுதினார்.

ஸ்டோர்ஸில் அவருடைய பழைய நாற்காலியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பெரிய ஆபீஸரோ என்னவோ என்று எழுந்து நின்றாள். "உக்காரும்மா, உக்காரு" என்றார். நேராக இருநூற்றுப் பதினாலுக்குப் போனார். தட்டில் தொங்கிய இருப்பு அட்டையில் கடைசி வரி அவர் கையெழுத்துதான். ஒரு வாஷரை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

வெங்கடகிருஷ்ணன் சார் ரிடையராகிப் போயிருந்தார். புது ஆபீஸர் எட்டிப் பார்த்து, "யாருப்பா இது?" என்றார்.

"என்னைப் பார்க்க வந்தவர் சார்."

"டியூட்டி நேரத்துல விசிட்டரா? சீக்கிரம் அனுப்பு."

விசிட்டர் சீட்டில் வெளியே போகிற நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான்தான் போட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தேன். எதிர் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

"வீட்டுக்குப் போகலையா சார்?"

"கம்பெனியில திரும்ப எடுத்துண்டுட்டான்னு ரமாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நாலு மணிக்கே எழுந்து சமைச்சுக் குடுத்தா. நாலரை சைரனுக்கு முன்னால எப்படிய்யா போவேன்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார். "அன்னிக்குக் கோயில்ல நான் என்ன வேண்டிண்டேன்னு நீர் கேக்கவே இல்லையே."

"வேலைய விடட்டுமான்னு கேட்டிருப்பீங்க."

"இல்லய்யா. விடறதா தீர்மானம் பண்ணிட்டேன், தப்புன்னா ஒரு பூ குடுன்னு கேட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"பூ விழுந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீர் அவ்வளவு சந்தோஷமா உத்தரவுன்னு சொன்னீர். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதையே பிடிச்சுண்டுட்டேன். தப்பு உம்மோடது இல்ல." பெஞ்சின் மரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "சாயந்திரம் நீர் என்னோட வீட்டுக்கு வாரும். என்னால சொல்ல முடியல. நீரே சொல்லிடும்."

நாலரை சைரனுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் ஏறினோம். வாரசிகூடாவில் சந்து முனையிலேயே, "அம்மா, அப்பா வச்சாரு!" என்று அப்பா வந்துவிட்டதைத் தெலுங்கில் கத்திக்கொண்டு பெண் உள்ளே ஓடினாள். ரமா அம்மா கையில் சர்க்கரையோடு வந்தார்கள். "அண்ணா, வாயத் திறங்கோ. உங்க முருகன் கைவிடலை பாத்தேளா?"

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொன்னேன்.

"வேலை இல்லம்மா. யாரும் எடுத்துக்கல. அன்னிக்கும் சாமி போவாதேன்னுதான் சொன்னார். மாத்திச் சொன்னவன் நான்."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. சாரைத்தான் பார்த்தார்கள். பிறகு அவர் கையிலிருந்து டிபன் கேரியரை வாங்கினார்கள். வாங்கின கை கனத்தில் ஒரு முறை தாழ்ந்தது. சர்க்கரையை டப்பாவில் திரும்பக் கொட்டி மூடினார்கள்.

"ரெண்டு பேரும் கை அலம்பிண்டு வாங்கோ" என்றார்கள். காலையில் கட்டின சோற்றை எங்கள் இருவருக்கும் பெண்ணுக்குமாக மூன்று தட்டில் பங்கு போட்டார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், பாதித் தண்ணீரோடு, மீன் இல்லாமல் இருந்தது.